தமிழ்ல வாற மெயிலை ஜங்க்குக்குள்ள தள்ளாதேங்கோ: மெயில் சேர்வர் பாக்கிற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில கந்தோருகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள், சங்கங்கள் எண்டு எல்லா இடத்திலயும் மெயில் சேர்வர் பாக்கிற ஐரி தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், கொழும்பில இருந்துகொண்டு எங்கட பக்கத்து மெயிலையும் சேத்துப் பாக்கிற ஆக்களுக்கும் இதை எழுதுறன். நான் ஐரி படிச்ச ஆள் இல்லை. திருநெல்வேலியில ஒரு சின்ன கொம்யூனிகேசன் வச்சிருக்கிறன், போட்டோக்கொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், மெயில் போடுறது, இதுதான் 20 வருசத்துக்கு மேல செய்யிற வேலை. கடைக்கு வாற சனத்தில கனபேருக்கு சொந்தமா மெயில் இல்லை, இருந்தாலும் பாஸ்வேர்ட் மகனிட்டயோ பேத்தியிட்டயோ இருக்கும், அதால அவை சொல்லச் சொல்ல நான் தமிழ்ல அடிச்சு அனுப்பி விடுறன், பதில் வந்தா போன் எடுத்துச் சொல்லுறன்.

கேக்கிறது ஒண்டுதான், முதல்லயே சொல்லிப்போடுறன். உங்கட ஸ்பாம் பில்டர்ல, குப்பை மெயிலைப் பிரிக்கிற அந்த மென்பொருளில, மொழியைப் பாத்து புள்ளி போடுற செற்றிங் எங்கயாவது போட்டுக்கிடந்தா அதை எடுத்துவிடுங்கோ. ஏன் கேக்கிறன் எண்டதை கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், பொறுமையா வாசியுங்கோ.

நெடுந்தீவில இருந்து ஒரு ஐயா வாறவர். ஓய்வுபெற்ற வாத்தியார், மனுசி போனபிறகு ஒரு பைல்ல பேர் மாத்திற அலுவல், அதுக்கு ஒரு கந்தோருக்கு எழுதவேணும். எந்தக் கந்தோர் எண்டு சொல்ல மாட்டன், தேவையும் இல்லை, ஏனெண்டா இது ஒரு இடத்துப் பிழை இல்லை. ஐயா யாழ்ப்பாணம் வாறதெண்டா விடியக் காலமை லோஞ்ச் எடுத்து குறிகட்டுவானுக்கு வரவேணும், கடல்ல ஒரு மணித்தியாலம், பிறகு பஸ்ஸில புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எண்டு உடம்பெல்லாம் குலுங்கி வந்து சேரவேணும், பின்னேரம் கடைசி லோஞ்ச்சைப் பிடிக்காட்டி அண்டைக்கு வீடு இல்லை. கார்த்திகை மார்கழியில காத்து எழும்பினா லோஞ்ச்சே ஓடாது. அந்த மனுசனுக்கு நான்தான் சொன்னனான், ஐயா இதுக்கேன் அலையிறியள், மெயில் போட்டாக் காணும், அவையே பதில் போடுவினம் எண்டு. அவர் சொன்னதை வடிவா தமிழ்ல அடிச்சு, மரணச் சான்றிதழை ஸ்கேன் பண்ணி, பைல் நம்பரைத் தலைப்பில போட்டு அனுப்பினன். ஒரு மாசம் பதில் இல்லை. திருப்பி அனுப்பினன். மூண்டாவது தரமும் அனுப்பினன். ஒரு சத்தமும் இல்லை, திரும்பி வந்ததெண்டும் இல்லை, அனுப்பினதெல்லாம் ‘சென்ட்’ல அப்பிடியே கிடக்குது.

கடைசியா ஐயா லோஞ்ச் எடுத்து நேர வந்தார். கந்தோரில சொல்லியிருக்கினம், உங்கட பேரில ஒரு மெயிலும் வரேல்லை எண்டு. அவர் என்ர கடைக்கு வந்து கதிரையில இருந்து, ‘பிள்ளை, நீ அனுப்பினனியோ’ எண்டு கேட்டார். கோவமாக் கேக்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது. நான் கடையைப் பூட்டிப்போட்டு, அனுப்பின மூண்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவரோடயே போனன்.

அங்க ஐரிப் பக்கம் பாக்கிற தம்பி நல்ல பிள்ளை. பாவம், வேலைக்கு வந்து ஆறு மாசம்தான். உடன சேர்வருக்குள்ள போய்த் தேடினார், ரண்டு மெயில் ஸ்பாம் எண்டு ஒதுக்கி வச்ச பெட்டிக்குள்ள கிடந்தது. முதலாவது இல்லை. 30 நாளில தானா அழியிற மாதிரிப் போட்டிருந்தபடியா அது அழிஞ்சு போச்சுது. கந்தோரில ஆரும் அந்தப் பெட்டியைத் திறந்து பாக்கிறதில்லை, அப்பிடி ஒண்டு இருக்கெண்டே கனபேருக்குத் தெரியாது, அதால ‘வரேல்லை’ எண்டு சொன்ன அம்மா பொய் சொல்லேல்லை, அவவின்ர திரையில அது வரவே இல்லை.

அண்டைக்கு அந்தத் தம்பியும் நானும் ஒரு சோதனை செய்து பாத்தம். அதே மெயில் அட்ரஸ், அதே ஸ்கேன் பைல், அதே விசயம், இங்கிலீஷில நாலு வரி எழுதி அனுப்பினன். ரண்டு நிமிசத்தில இன்பொக்ஸில வந்து நிண்டுது. தமிழ்ல திருப்பி அனுப்பினன். ஜங்க். மூண்டு தரம் மாத்தி மாத்தி அனுப்பினம், மூண்டு தரமும் அதே முடிவுதான்.

பிறகு தம்பி அந்த மெயிலின்ர தலைப்பகுதியைத் திறந்து காட்டினார், அந்த நீட்டு நீட்டு வரியள் இருக்குமே, அதுக்குள்ள ஸ்பாம் ஸ்டேட்டஸ் எண்டு ஒரு வரி. அங்க பாவிக்கிறது ஸ்பாம்அசாசின், இலவச மென்பொருள், உலகம் முழுக்கக் கன சேர்வருகளில ஓடுறது. அது ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதியோட ஒப்பிட்டுப் பாத்து ஒவ்வொண்டுக்கும் புள்ளி போடும், கூட்டுத்தொகை 5 வந்தா ஸ்பாம் எண்டு முத்திரை குத்தும், 5 எண்டது அதோட வாற அளவு, வேணுமெண்டா கூட்டிக் குறைக்கலாம். அங்க ஆரோ அதை 3 க்கு இறக்கி வச்சிருந்தவை. ஐயாவின்ர மெயிலுக்கு ஒரே ஒரு விதியால மட்டும் 2.8 புள்ளி, மிச்சம் சில்லறையா அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் சேந்து 3 ஐத் தாண்டிப்போச்சுது. அந்த 2.8 போட்ட விதியின்ர பேர் ‘அன்வாண்டட் லாங்குவேஜ்’. வேண்டாத மொழி. மனுசி செத்த வீட்டில இருந்து ஒரு வாத்தியார், மரியாதை குறையாம ‘மாண்புமிகு ஐயா அவர்கட்கு’ எண்டு தொடங்கி எழுதின தமிழ், யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒண்டுக்குள்ள வேண்டாத மொழி எண்டு பதிவாகிக் கிடக்குது. அந்த வரியைப் பாத்திட்டு நானும் தம்பியும் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

இதுக்கு மென்பொருளைக் குறை சொல்ல ஏலாது, இதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. ஸ்பாம்அசாசினில மொழி கண்டுபிடிக்கிற பகுதிக்கு டெக்ஸ்ட்கேட் எண்டு பேர், அது இன்ஸ்டோல் பண்ணேக்க தானா வேலை செய்யாது, ஒரு வரிக்கு முன்னால இருக்கிற குறியை எடுத்துவிட்டால்தான் ஓடும். அதுக்குப் பிறகும் ‘ஓகே லாங்குவேஜஸ்’ எண்ட வரியில ஒண்டும் எழுதாட்டி எல்லா மொழியும் சரி எண்டுதான் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆரோ ஒருத்தர் ரண்டு தரம் கை வச்சிருக்கினம், முதல் அந்தப் பகுதியை இயக்கியிருக்கினம், பிறகு இங்கிலீஷ் மட்டும் எண்டு எழுதியிருக்கினம். கெட்ட எண்ணத்தில செய்திருப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை. எங்கயோ வெளிநாட்டில ஒரு கொம்பனிக்காரன் தன்ர சேர்வருக்கு எழுதின கட்டமைப்புக் கோப்பை நெட்டில கண்டு, நல்லாத்தானே இருக்கு எண்டு கொப்பி பண்ணி ஒட்டியிருப்பினம். அந்த ஆளுக்கு சீன மொழியில, ரஷ்ய மொழியில குப்பை மெயில் வந்துகொண்டிருந்திருக்கும், அவருக்கு இங்கிலீஷைத் தவிர வேற மெயில் வர நியாயமில்லை, அவருக்கு அது சரி. இங்க ஒட்டினா?

இன்னொரு விசயமும் தம்பி காட்டினவர். டெக்ஸ்ட்கேட் எழுத்துக்களைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி எது எத்தினை தரம் வருது எண்டு எண்ணி, தன்னட்ட இருக்கிற மொழி மாதிரிகளோட ஒப்பிட்டுத்தான் இது இன்ன மொழி எண்டு சொல்லுது. அந்த மாதிரிகளுக்குள்ள தமிழும் இருக்குது. அப்ப அந்த மென்பொருள் ஐயாவின்ர கடிதத்தைத் தமிழ் எண்டு சரியாத்தான் கண்டுபிடிச்சது, கண்டுபிடிச்சிட்டு, தனக்குத் தந்த பட்டியல்ல தமிழ் இல்லாதபடியா தள்ளிவிட்டுது.

அப்ப பட்டியல்ல தமிழைச் சேத்துவிட்டாக் காணும்தானே எண்டு கேப்பியள். காணாது. எங்கட பெடியள் எப்பிடி எழுதுறவை எண்டு உங்களுக்கே தெரியும், தமிழை இங்கிலீஷ் எழுத்தில அடிப்பினம், நடுவில ரண்டு இங்கிலீஷ் சொல்லு வரும், அதை அந்தப் பகுதி தமிழ் எண்டும் சொல்லாது, இங்கிலீஷ் எண்டும் சொல்லாது, ஏதோ கேள்விப்படாத மொழி எண்டு ஊகிச்சாலும் ஊகிக்கும். சின்ன மெயில் எண்டா ஊகிக்கிறதே கஷ்டம். அதோட இது தமிழுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை, இங்க இருக்கிற கந்தோருக்கு காலியில இருந்து ஒருத்தர் சிங்களத்தில எழுதினாலும் இங்கிலீஷ் மட்டும் எண்ட சேர்வரில அவருக்கும் இதே கதிதான். ஆகவே எல்லா மொழியும் எண்டு விடுங்கோ, இல்லாட்டி அந்தப் பகுதியையே நிப்பாட்டி விடுங்கோ.

இதோட சேத்துக் குழப்பிக்கொள்ளுற இன்னொரு வரி ‘ஓகே லோக்கேல்ஸ்’. இது மொழி இல்லை, எழுத்துக்குறித் தொகுதி, சார்செட் எண்டு நீங்கள் சொல்லுறது. ஒரு காலத்தில ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு தொகுதி, ரஷ்யனுக்கு கோய்-8, சீனத்துக்கு பிக்5, தாய்லாந்து மொழிக்கு டிஸ்-620 எண்டு மெயிலின்ர தலைப்பகுதியில எழுதியிருக்கும், அதைப் பாத்தே இது எந்த ஊர்க் கடிதம் எண்டு சொல்லலாம், கடிதத்தில தபால் முத்திரை பாக்கிற மாதிரி. இப்ப எல்லாரும் யுனிகோட், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான ஒரே தொகுதி, அதை மெயில்ல எழுதிற முறை யுடிஎஃப்-8. தமிழும் அதுதான், சீனமும் அதுதான், இங்கிலீஷும் அதுதான், அந்தப் பேரைப் பாத்து மொழியைக் கண்டுபிடிக்கவே ஏலாது. ‘ஓகே லோக்கேல்ஸ்’ வரியில போடக்கூடியது ஆறே ஆறு, மேற்கத்தைய எழுத்துகள், ஜப்பான், கொரியா, ரஷ்யா, தாய்லாந்து, சீனம். தமிழ் அதில இல்லை. சில பேர் அதில தமிழுக்கான ரண்டு எழுத்துக் குறியைப் போட்டிட்டு, பிரச்சினை தீந்துபோச்சு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம், ஆனா அது ஒண்டும் செய்யாது, யுடிஎஃப்-8 மெயிலை அந்த வரி எப்பிடியும் விட்டுத்தான் விடும், உங்களைத் தடுக்கிறது மற்ற வரி. ரண்டையும் பிரிச்சுப் பாருங்கோ.

ஸ்பாம்அசாசின் இல்லாத இடத்திலயும் இது இருக்குது. அவுட்லுக் கொம்பியூட்டர்ல போட்டு வச்சிருக்கிற கந்தோருகளில ஜங்க் மெயில் ஒப்ஷன்ஸுக்குள்ள ‘இன்டர்நேஷனல்’ எண்டு ஒரு பக்கம், அதில நாட்டு டொமைனையும், அதாவது மெயில் அட்ரஸின்ர கடைசியில வாற நாட்டுக் குறியையும், எழுத்துக்குறித் தொகுதியையும் டிக் பண்ணித் தடுக்கலாம். ‘எல்லாத்தையும் தெரிவு செய்’ எண்டு ஒரு பொத்தானும் பக்கத்திலயே இருக்குது, தெரியாம அமத்தினா முடிஞ்சுது. மைக்ரோசொஃப்ட் 365 பாவிக்கிற இடங்களில அட்மின் பக்கத்தில இன்ன மொழியில வந்தா ஸ்பாம், இன்ன நாட்டில இருந்து வந்தா ஸ்பாம் எண்டு போடுற இடம் இருக்குது, அதுவும் முதல்ல ஓஃப்லதான் இருக்கும். எல்லா இடத்திலயும் ஆராவது ஒரு ஆள் கைவச்சுத்தான் இது நடக்குது. நாட்டைத் தடுக்கிறதைப் பற்றி யோசிக்கேக்க கனடாவையும் லண்டனையும் பாரிஸையும் நினைச்சுக்கொள்ளுங்கோ, எங்கட ஆக்கள் எங்க இருந்து எழுதினம் எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி தலைப்பு விசயம், சப்ஜெக்ட் எண்டு போடுற வரி. இது எனக்கு அந்தத் தம்பி சொல்லித் தந்தது, எனக்குப் புதுசு. மெயில் தொடங்கின காலத்தில தலைப்பு வரியில இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் போகும், மற்ற மொழிக்காரருக்கு 1992 இல ஒரு வழி வகுத்தவை, தலைப்பை பேஸ்64 எண்ட முறையில இங்கிலீஷ் எழுத்தும் இலக்கமுமா மாத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் சமன்குறியும் கேள்விக்குறியும் போட்டு அனுப்பிறது. தமிழ் எழுத்து ஒவ்வொண்டும் யுடிஎஃப்-8 இல மூண்டு பைட், பைட் எண்டது கொம்பியூட்டர் இடத்தை எண்ணுற அலகு. ‘யாழ்ப்பாணம்’ எண்டு எழுதினா அரவு, குத்து எல்லாம் தனித்தனியா எண்ணி 11 குறி, 33 பைட், பேஸ்64 ஆக்கினா 44 எழுத்து. ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல போகக்கூடாது எண்டும் விதி, அதால ஒரு துண்டுக்குள்ள 15 தமிழ்க் குறிதான் அடங்கும், கொஞ்சம் நீட்டுத் தலைப்பெண்டா மூண்டு நாலு துண்டாப் போகும். வெளியில இருந்து பாத்தா ‘நாலு, கே, ஆறு’, ‘நாலு, கே, ஆறு’ எண்டு திருப்பித் திருப்பி வாற ஒரு அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம். சேர்வருக்குள்ள கிடந்து இதைப் பாக்கிற ஆள், இவன் எதையோ மறைக்கிறான், ஸ்பாம்காரன்தான் எண்டு நினைச்சு, பேஸ்64 தலைப்போட வந்தா தூக்கி எறி எண்டு ஒரு விதி எழுதிப்போடுவார். அப்பிடி எழுதின விதியளை நானே ரண்டு இடத்தில கண்டிட்டன். ஆனா தமிழ்த் தலைப்பு அப்பிடி மாறாம போற வழி கிட்டத்தட்ட இல்லை, அது மறைக்கிறதுக்குச் செய்யிற வேலை இல்லை, தபால்காரன் கொண்டுபோகக்கூடிய உறைக்குள்ள போடுற வேலை. அந்த விதியை எழுதினா தமிழ்த் தலைப்பு எல்லாத்தையும் தடுத்த மாதிரித்தான். விதி எழுதவேணும் எண்டா மாத்தின எழுத்தில எழுதாதேங்கோ, திருப்பித் தமிழாக்கின பிறகு வாற சொல்லில எழுதுங்கோ. ஸ்பாம்அசாசினில எழுத்துக்குறியை ஒரே மாதிரி ஆக்கிற செற்றிங் ஒண்டு இருக்குது, ‘நோமலைஸ் சார்செட்’, 2022 மார்கழியில வந்த 4.0 பதிப்பில இருந்து அது தானா ஓனில இருக்கும், பழைய பதிப்பு வச்சிருந்தா நீங்கள் போட்டுவிடவேணும்.

எங்கட பக்கத்திலயும் பிழை இருக்குது, அதை மறைக்க நான் விரும்பேல்லை. இன்னும் கனபேர் பாமினி எழுத்துருவில அடிச்சு அனுப்பினம், அதிலயும் வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் சங்கத்துப் பெரியாக்கள். பாமினியில ‘வணக்கம்’ எண்டு அடிச்சா உள்ளுக்க இருக்கிறது தமிழ் இல்லை, ரி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன். எழுத்துரு இருக்கிற கொம்பியூட்டர்ல தமிழாத் தெரியும், பில்டர் பாக்கேக்க அது உளறல் இங்கிலீஷ். நானும் 2000 களில அப்பிடித்தான் அடிச்சனான், எல்லாரும் அப்பிடித்தான். ஆனா தமிழ் 1991 இல வந்த முதல் யுனிகோடிலயே இருக்குது, இலங்கைக்கெண்டு தமிழ் எழுத்துக்குறி நியமம் 2008 இல வந்திட்டுது, எஸ்எல்எஸ் 1326. இனியும் பாமினியில மெயில் போட்டிட்டு பதில் வரேல்லை எண்டு சேர்வர்க்காரரைத் திட்டுறது நியாயமில்லை, மாத்தித் தாற கருவியள் நெட்டில இலவசமாக் கிடக்குது, பழைய ஆக்களுக்கு அதை நான் என்ர கடையில சும்மா செய்து குடுக்கிறன். அதோட தலைப்பை வெறுமனே விடுறது, உள்ளுக்க ஒரு சொல்லும் எழுதாம ஸ்கேன் பண்ணின படத்தை மட்டும் இணைச்சு அனுப்பிறது, இதுகளும் ஸ்பாம்காரன்ர பழக்கம்தான், பில்டர் சந்தேகப்படுறதில பிழை இல்லை. எங்கட சனத்துக்கு இதை நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்.

உங்களுக்கு ஸ்பாம் தொல்லை எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனா ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, எங்கட சனத்தை ஏமாத்தின மெயில் எந்த மொழியில வந்தது? என்ர கடைக்கு வந்து, இந்தா பார் பிள்ளை, எனக்கு லொத்தர் விழுந்திருக்காம், பார்சல் சுங்கத்தில நிக்குதாம் காசு கட்டட்டாம், வங்கிக் கணக்கு மூடப் போயினமாம் எண்டு காட்டின மெயில் ஒவ்வொண்டும் இங்கிலீஷில வந்தது. ஒரு அக்கா காப்பு அடகு வச்சுக் கட்டின பிறகுதான் எனக்குச் சொன்னவ. தமிழ்ல ஏமாத்து வராது எண்டு சொல்லேல்லை, இப்ப மொழிபெயர்க்கிற கருவியள் வந்தபிறகு வரத்தொடங்கியிட்டுது. ஆனா இங்கிலீஷ் மட்டும் எண்டு போட்ட சேர்வரில அந்தக் கள்ளன்ர மெயிலுக்கு மொழியால ஒரு புள்ளியும் விழாது, வாத்தியாரின்ர மெயிலுக்கு 2.8 விழும்.

கள்ளனைப் பிடிக்கிறதுக்கு உங்களிட்ட வேற நல்ல வழியள் இருக்குது, என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். அனுப்பினது உண்மையா அந்த டொமைனில இருந்துதானோ எண்டு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூண்டாலயும் பாக்கலாம், 2024 மாசியில இருந்து ஜிமெயிலே நாளுக்கு 5000 க்கு மேல தனக்கு அனுப்பிற ஆக்களிட்ட இந்த மூண்டையும் கேக்குது. கெட்டபேர் எடுத்த ஐபி பட்டியல் பாக்கலாம். லிங்க் எங்க போகுது எண்டு பாக்கலாம். இதுகள் ஒண்டும் மெயில் எந்த மொழியில இருக்கெண்டு கேக்கிறதில்லை. நல்ல மெயிலையும் ஸ்பாமையும் காட்டிப் பழக்கிற பேய்ஸ் எண்ட முறையைப் பாவிச்சால் இன்னும் நல்லம், ஆனா அதுக்குத் தமிழைக் காட்டிப் பழக்கவேணும். ஸ்பாம்அசாசினில நல்ல மெயில் 200, ஸ்பாம் 200 குடுத்தால்தான் பேய்ஸ் வேலை தொடங்கும், அந்த நல்ல மெயில் 200 உம் கொழும்பில இருந்து வந்த இங்கிலீஷ் சுற்றறிக்கையா இருந்தா அது தமிழைப் பற்றி என்னத்தைப் படிக்கும்? உங்களுக்கு வாற உண்மையான தமிழ் விண்ணப்பங்கள், நன்றிக் கடிதங்கள், முறைப்பாடுகள், எல்லாத்தையும் கலந்து குடுங்கோ.

ஒதுக்கி வைக்கிறது எண்டா அழியாம வையுங்கோ, 30 நாள் காணாது, எங்கட பக்கத்தில ஒரு அலுவல் முடிய மூண்டு மாசம் போகும். தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் பெட்டியை ஒருக்காத் திறந்து பாக்கட்டும், பத்து நிமிச வேலை. எடுக்கமாட்டம் எண்டு முடிவெடுத்தா வாசலிலயே 550 எண்ட மறுப்பு இலக்கத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கோ, அப்ப எனக்குத் தெரியும் போகேல்லை எண்டு, ஐயாவுக்குச் சொல்லுவன், தபாலில போடுவம். வாங்கிப்போட்டு வாய் பேசாமல் இருக்கிறதுதான் எல்லாத்திலயும் மோசம். அனுப்பினவருக்கு அது போய்ச் சேந்தது எண்ட நம்பிக்கை, வாங்கினவருக்கு வரவே இல்லை எண்ட நம்பிக்கை, ரண்டு பேரும் உண்மை பேசிக்கொண்டே ஒருத்தரை ஒருத்தர் பொய்க்காரர் எண்டு நினைப்பினம்.

சட்டத்தையும் ஒருக்கா ஞாபகப்படுத்த வேண்டியிருக்குது, சண்டைக்கு இல்லை. 1987 இல 13 ஆம் திருத்தத்தில தமிழும் அரச கரும மொழி எண்டு வந்தது. அரசியலமைப்பின்ர 22 ஆம் உறுப்புரை வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு சொல்லுது. 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பத்தை மெயில்லயும் அனுப்பலாம், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். அந்த 14 நாளும் விண்ணப்பம் ஜங்க்குக்குள்ள கிடந்தா எண்ணிக்கை எங்க இருந்து தொடங்கிறது? எத்தினை பேர் எத்தினை வருசம் கஷ்டப்பட்டு எழுத்தில வந்த உரிமை இது, அதை ஒரு கட்டமைப்புக் கோப்பில ரண்டு எழுத்தால இல்லாமச் செய்யலாம் எண்டு அந்தக் கோப்பை எழுதின பிள்ளைக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. அதாலதான் உங்களுக்கு எழுதுறன், மேல இருக்கிற பெரியாக்களுக்கு இல்லை. அவைக்கு இந்தக் கோப்பு எங்க இருக்கெண்டே தெரியாது, உங்களுக்குத் தெரியும், மாத்த அஞ்சு நிமிசம் போகாது.

அந்தக் கந்தோர்த் தம்பி அண்டைக்கே மாத்தினார். மேலதிகாரியிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு, அந்த வரியை எடுத்து, 3 ஐத் திருப்பி 5 ஆக்கி, சேர்வரைத் திருப்பி ஓட விட்டார். நான் போனில இருந்து தமிழ்ல ‘சோதனை’ எண்டு ஒரு மெயில் போட்டன், இன்பொக்ஸில வந்துது. பிறகு அவர் ஒதுக்கி வச்ச பெட்டியை முழுக்க இறக்கிப் பாத்தார், அதுக்குள்ள ஐயாவின்ரதோட இன்னும் கனபேரின்ர தமிழ் மெயில் கிடந்தது, காணி அலுவல், பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ், ரோட்டு லைட், கிணத்துத் தண்ணி. எல்லாத்தையும் உரிய மேசைக்கு அனுப்பிவிட்டார், 30 நாளுக்கு முந்தினதுகள் இல்லை, அதுகளை இனி எடுக்க ஏலாது. ஐயாவின்ர பைல் இப்ப நகருது, கடைசி லோஞ்ச்சுக்கு நேரம் போட்டுது எண்டு அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடினவர்.

நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்கோ. வெளியில இருக்கிற ஒரு மெயில்ல இருந்து உங்கட கந்தோருக்கு ஒரே விசயத்தை இங்கிலீஷில ஒண்டு, யுனிகோட் தமிழ்ல ஒண்டு, சிங்களத்தில ஒண்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில ஒண்டு, நீட்டுத் தமிழ்த் தலைப்போட ஒண்டு எண்டு அஞ்சு மெயில் போடுங்கோ. அஞ்சும் இன்பொக்ஸில வந்தா இந்த மடல் உங்களுக்கு இல்லை. ஒண்டு குறைஞ்சாலும் தலைப்பகுதியைத் திறந்து எந்த விதி எத்தினை புள்ளி போட்டது எண்டு பாருங்கோ. தமிழ் அடிக்க ஆள் இல்லாட்டி சொல்லுங்கோ, கடை காலமை எட்டரையில இருந்து பின்னேரம் ஏழு மட்டும் திறந்திருக்கும், சோதிக்கிறதுக்கு எத்தினை மெயில் வேணுமெண்டாலும் நான் இருந்து அடிச்சு அனுப்பிறன்.

இப்படிக்கு,
திருநெல்வேலியில கொம்யூனிகேசன் வச்சிருக்கிற ஒரு அக்கா